பேய்க்கும் குளிரும்லா

"உள்ள யாராச்சும் இருக்கியளா?"

குளிரறைக் கதவுக்கு வெளியே மேனேஜர் ராஜதுரையின் குரல். அப்பாடா… வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருக்கேன் சார்! கதவத் திறங்க!"

தடதடவென்று காலடிகள்… கதவை நோக்கி அல்ல, கதவை விட்டு ஓடின!

அடப் பாவிகளா!

அருணாசலவடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. தூத்துக்குடியிலிருந்து இறால் ஏற்றுமதி செய்கிற அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குளிரறையைப் பூட்டுமுன் உள்ளே யாரென்று குரல் கொடுக்க வேண்டும். பெண்கள் ஷிப்ட் முடிந்து போனபிறகு பெண்குரலில் பதில் வந்தால் மட்டும் திறக்கக் கூடாது. அது செல்லக்கிளி. இழுப்பு நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்து மறைத்து, இந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே மூச்சடைத்துச் செத்தவள்.

வடிவு பெட்டி அடுக்கி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் இருக்கத்தான் செய்தது. அழுத்தித் திருகினால் போதும். ஆனால் வடிவின் விரல்கள்… மடங்கினது மடங்கினபடியே நின்றன. சரவாங்கி. இந்த வயதில் வரக்கூடாத மூட்டு நோய். 'குளிர் ஆகாதும்மா, வேலை நேரத்தையும் குறைச்சுக்கோ' என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் ரூம் வாசல்வரை எத்தனையோ தரம் போய், கேட்கப் பயந்து திரும்பியிருக்கிறாள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மாவோ, 'வெளிய மூச்சு விடாத ளா, அப்புறம் எவன் கட்டுவான்?' என்பாள்.

மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பக்கத்தில்… இன்னொரு மூச்சும் புகைந்த மாதிரி இருந்தது.

"சொல்லிரு ளா… நான் சொல்லாமத்தான் போனேன்…"

காதுக்குள் வந்து சொன்னது யார்? திரும்பினாள். பெட்டிகள் மட்டுமே இருந்தன.

"யாரு… யாருங்க அது?" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, உள்ள ஆளு பேசுதாங்க!" வெளியே புதிய ஆண் குரல்.

"திறக்காதய்யா, அது பேயி!" தூரத்திலிருந்து ராஜதுரை கத்தினார்.

"பேயா இருந்தா என்ன? பேய்க்கும் குளிரும்லா!"

கதவு திறந்தது. பனிப்புகைக்கு நடுவே அவள் முதலில் பார்த்தது இரண்டு கண்களைத்தான். பயமும் சிரிப்புமாக, இமைக்காமல், உறைபனி ஒட்டிய அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் குளிரிலும் அவளுக்குக் கன்னம் சுட்டது. ச்சே, என்ன நேரத்தில் என்ன நினைப்பு!

கன்டெய்னரின் குளிர்மெஷினைச் சரிபார்க்க வந்த செந்தூர்வேல் அவன். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டவன், உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னொருத்தங்க எங்க?"

"இன்னொருத்தங்களா?"

"ரெண்டு பேரு பேசுன மாதிரி கேட்டுச்சே…"

வடிவு பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனி வாசலுக்கு வெளியே டீக்கடையில் அவளை உட்காரவைத்தான் செந்தூர்வேல். மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது.

"பேயக்கா, டீ ஆறுது."

"அக்காவா! ஒங்கள விட நான் சின்னவ."

"அப்ப சின்னப் பேயி…"

சிரித்துவிட்டாள். ஆனால் கிளாஸைப் பிடிக்க விரல் வளையவில்லை. அவன் பார்த்துவிட்டான். மெல்ல, "மேனேஜர்ட்ட நான் வேணா பேசட்டா?" என்றான்.

சுருக்கென்றது. "ஏன், எனக்கு வாயில்லையா? பாவம் பாத்துட்டு ஒருத்தரும் எனக்காகப் பேச வரவேண்டாம்!"

"சரிங்க…" என்று எழுந்து மழையில் இறங்கிப் போனான். போன முதுகைப் பார்த்தபடி இருந்தாள். பாழாய்ப்போன வாய்!

மறுநாள் கம்பெனியில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. லோடுமேன் டிக்சன் அவள் கால் தரையில் படுகிறதா என்று குனிந்தே பார்த்தான். குளிரறைக் கதவின் சின்னக் கண்ணாடியில், உள்பக்கப் பனியில், ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் நன்றாக விரிந்த கை. வடிவின் விரல் அப்படி விரிந்து எவ்வளவோ நாளாயிற்று.

அவள் நேரே மேனேஜர் ரூமுக்குள் போனாள்.

"சார், எனக்குச் சரவாங்கி. பாதி நாள் வேலை தாங்க. மத்தியானத்துக்கு மேல வாரேன். குளிரறை வேண்டாம், சோதனை மேசை போதும்."

"ஒனக்குக் குறைச்சா நாளைக்கு எல்லாவளும் வந்து நிப்பாளுவ. அதெல்லாம் சரிப்படாது."

வடிவு கைகளை மேசைமேல் வைத்தாள். விடவில்லை.

"நேத்து உள்ள இருந்து பதில் சொன்னது நான்தான் சார். கேட்டது நீங்க. திறக்காம ஓடுனதும் நீங்க. இப்பவும் ஓடப் போறியளா?"

ராஜதுரை முகம் செத்துப்போயிற்று. மேசைமேல் அவள் வைத்திருந்த கைகளை வெகுநேரம் பார்த்தார்.

"செல்லக்கிளியும்… ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ளா," என்றார் கம்மிய குரலில். "பாதிச் சம்பளந்தான் வரும். நாளையில இருந்து மத்தியானம் வா."

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. மழையில் கன்டெய்னர் லாரியோரம் செந்தூர்வேல் நனைந்துகொண்டு நின்றான்.

"திட்டு இன்னும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு, கேளுங்க. எனக்குச் சரவாங்கி. முழுசாத் தீராது. காலையில எந்திரிச்சா தலை பின்னக்கூட முடியாது. சம்பளமும் இனிமே பாதிதான். எங்கம்மா இத மறைச்சுத்தான் மாப்பிள்ள பாக்கா. மறைச்சு ஒருத்தர்ட்டப் போக எனக்கு இஷ்டமில்ல."

"இதையெல்லாம்… எங்கிட்ட ஏன் சொல்லுதிய?"

காதுக்குள் அந்தக் குளிரறைக் குரல் கேட்டது. சொல்லிரு ளா…

"ஒங்களப் பிடிச்சிருக்கு. அதான்."

அவன் காதெல்லாம் சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தலை பின்னத் தெரியாதுங்க… கத்துக்கிடுதேன்."