அரசாங்கத்துக் கொய்யா

காலை ஏழரை மணிக்குப் புருஷன் கையால் பெண்டாட்டிக்கு நோட்டீஸ் வந்தது. அதுவும் அவள் பரிமாறியதைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவையும் நீட்டினார் அந்த உத்தமர்!

அரசு நில அலுவலகத்தில் அவர் அதிகாரி. ஊரே அவரை 'அங்குலம்' என்றுதான் கூப்பிடும். பொது நிலத்தில் ஒரு அங்குலம் பறிபோனாலும் தூக்கம் வராத பிறவி. போன வாரம் சொந்தக் கொல்லையிலேயே சங்கிலி பிடித்து அளந்து, மனைவி வளர்த்த கொய்யா மரம் அரசு நிலத்தில் ஆறடி உள்ளே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மரத்தின் அடுத்த மூன்று வருட மகசூல் இன்று மாலை ஏலம் என்றது நோட்டீஸ்.

"என்னங்க இது... இருபத்திரண்டு வருஷமா நான் தண்ணி ஊத்தின மரங்க!"

"தண்ணி உன்னோடது. மண்ணு அரசாங்கத்தோடது."

கூடத்திலிருந்து மாமியார்க்காரி குரல் கொடுத்தாள். "நல்லா வேணும்! இவளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? வந்தவ வந்தவதான்!"

இந்த வசனம் அவளுக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்ற அன்றும் கேட்டாள். கால் ஒடிந்து கிடந்த மாமியாரை ஆறு மாதம் கழுவித் துடைத்தபோதும் கேட்டாள். கேட்டுவிட்டு அழ அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த மரத்தடி. அதுவும் போகிறது என்றபோதுதான் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க மாமியாரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

பழச்சாறுக் கடைக்காரர் ஒரு தொகை கேட்டார். அவள் அதற்கு மேல் கேட்டாள். அங்குலத்தின் முகம் வெளிறியது.

"செல்லாது! ஏலம் விடுற அதிகாரியோட குடும்பத்தார் கேக்கக் கூடாது. விதி அப்படி."

"நான் உங்க குடும்பமே இல்லீங்களே, ஐயா!" என்று எழுந்தாள் அவள். "தினமும் அப்படிச் சொல்றவங்க இதோ உக்காந்திருக்காங்க. கேட்டுக்கங்க!"

அங்குலம் திருதிருவென்று விழித்தார். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மூத்தவங்க வாக்குமூலம் கொடுத்தா... பரிசீலிக்கலாம்" என்றார். கல்யாண போட்டோவெல்லாம் அவருக்கு ஆதாரமே இல்லை!

எல்லாத் தலையும் மாமியார் பக்கம் திரும்பியது. 'எங்க குடும்பம் இல்லை' என்று சொன்னால் மரம் மருமகளுக்கு.

"சொல்லுங்க அத்தை... இத்தனை வருஷம் சும்மா சொன்னீங்க. இன்னிக்கு ஒரு தடவை எனக்கு உபயோகமா சொல்லுங்க!"

கிழவி வாயைத் திறந்தாள், மூடினாள். தினமும் சரளமாக வந்த வார்த்தை இன்று வரவில்லை.

"எப்படிடி சொல்வேன்..." என்று உடைந்தாள். "நான் கிடையா கிடந்தப்போ பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பாக்கல... நீதானேடி என்னைத் தூக்கி உக்கார வச்ச! என் நாக்கு அழுகிப் போகட்டும்! டேய் அங்குலம், எழுதிக்கடா! இவதான்டா என் குடும்பம்!"

அவரும் கர்மசிரத்தையாக எழுதிக்கொண்டார். மரம் கடைக்காரருக்குப் போனது.

"ஐயோ... இன்னிக்குன்னு பார்த்து உண்மையைச் சொல்லி உன் மரத்தைக் கெடுத்துட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார்.

"போனாப் போகுது அத்தை... போகட்டும்!" மருமகள் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். இருவரும் அழுத அழுகையில் கடைக்காரரே மூக்கை உறிஞ்சினார்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் மேஜைக்கு நடந்தாள்.

"குடும்பத்தைச் சேர்ந்தவ, அதனால தகுதி இல்லைன்னு எழுதினீங்களே... அதுல எனக்கு ஒரு நகல் வேணுங்க. முத்திரையை நல்லா அழுத்திக் குத்துங்க."