களைக்கு வாக்கில்லை

பெரியகுளம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டது.

கரையில் போட்டிருந்த விசாரணைப் பந்தலில் நின்ற உயிர்வாக்கியின் திரையில் சிவப்பு எரிந்தது. ஆவுடைநாயகி எழுந்துபோய்க் கிட்டத்தில் நின்று பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தாலும் சிவப்பு சிவப்புதான்.

அவள் மனுப்போட்டுக் கேட்ட கேள்வி ஒன்றும் வில்லங்கமானதல்ல. அல்லியூர் நகராட்சி குளத்தில் விடுகிற சாக்கடையை நிறுத்தலாமா? அவ்வளவுதான். எந்தக் குளமாவது எனக்குச் சாக்கடை வேண்டும் என்று கேட்குமா? கேட்டுவிட்டதே!

நீர்நிலை ஒப்புதல் சட்டம் வந்தபிறகு குளத்தைக் கேட்காமல் யாரும் அதிலிருந்து ஒரு கூடை மண்கூட அள்ள முடியாது. கேட்பதற்குத்தான் உயிர்வாக்கி. செய்யப்போகும் மாற்றத்தைக் குளத்து நீர் நிரப்பிய தொட்டியில் முதலில் அது செய்து பார்க்கும். மீன், நத்தை, புழு, பாசி என்று ஒவ்வோர் உயிரும் செழிக்கிறதா தவிக்கிறதா என்று அதன் உணரிகள் கவனிக்கும். செழித்தால் சம்மதம், தவித்தால் மறுப்பு. ஓர் உயிருக்கு ஒரு வாக்கு. குளத்தில் தண்ணீர் குடிக்கிற நீர்க்காகம், எருமை, ஊர்ச்சனம் எல்லாமே குளத்தின் உயிர்கள்தான். ஊருக்குக் குடிநீர் கிடைப்பதே அந்தக் கணக்கில்தான். தீர்ப்பு வந்ததும் மதகுகளை இயந்திரமே திறக்கும், மூடும். மனிதக் கை படக்கூடாது.

அந்தக் கடைசி விதியை எழுதியதே ஆவுடைதான். பல்கலைக்கழக நீர்ச்சூழலியல் துறையில் அவளும் எப்சிபாவும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக ஆய்வு செய்து, இந்தச் சட்டத்துக்காகக் கோட்டைக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்தவர்கள். வேண்டியவர்களுக்குத் தோதாக மதகைத் திறந்துவிடும் அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சலில் எழுதிய விதி அது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த உயிரையும் "களை" என்று சொல்லக்கூடாது. வாய்தவறிச் சொன்னவர் துறை முழுவதற்கும் டீ வாங்கித் தரவேண்டும். ஆகாயத்தாமரையைக்கூட மரியாதையாகத்தான் பேசுவார்கள். அந்தப் பெருமையில்தான் எல்லா உயிருக்கும் சம வாக்கு வைத்தார்கள். உயிரோட்டமுள்ள குளங்களில் அது நன்றாகவே வேலை செய்தது. தோல் கழிவு கலக்கலாமா என்று கேட்ட இடமெல்லாம் குளங்கள் முடியாது என்றன. சனங்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ஆனால் நாறிப்போன ஒரு குளத்திடம் போய், உனக்கு நல்லது செய்யட்டுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நீலப்பச்சைப் பாசிதான்ட்டி," என்றாள் எப்சிபா மெதுவாக. "குளம் பூரா அதுதான் கிடக்கு. சாக்கடை அதுக்குச் சாப்பாடு. நிறுத்துனா செத்துப்போகும். எல்லாம் சேர்ந்து வேண்டாம்னுட்டு."

அந்தப் பாசியின் நஞ்சுதான் குழாய்வழியாக ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையின் அக்கா உலகம்மை ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். "இன்னைக்காவது அந்தச் சாக்கடைய அடைச்சிருவியாட்டி?" என்று காலையில் போனில் கேட்டாள். அடைத்துவிட்டுத்தான் உன் முகத்தில் முழிப்பேன் என்று இவள் சொல்லியிருந்தாள்.

நகராட்சி வக்கீல் வன்னியப்பெருமாள் எழுந்தார். "குளமே சொல்லியாச்சு. மனுவைத் தள்ளிரலாம் மேடம்."

நீர் ஆணையர் சைனம்பு ஆவுடையைப் பார்த்தார். "டாக்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"பாசியோட வாக்கை நீக்கணும் மேடம்."

"பேரைச் சொல்லி ஒரு உயிரை நீக்க முடியாது. வாக்கு விதியை உங்க துறை திருத்தலாம். ஆனா பொது விதியா இருக்கணும், எல்லா உயிருக்கும் ஒண்ணுபோலப் பொருந்தணும். ஒரு குளத்துக்கு ஒரு தடவைதான். அப்புறம் மாத்தணும்னா அந்தக் குளமே சம்மதிக்கணும்."

"எங்களுக்கு ஆட்சேபனையே இல்ல!" என்று வன்னியப்பெருமாள் முந்திக்கொண்டார்.

எப்சிபா ஆவுடையின் கையைப் பிடித்து இழுத்தாள். "அந்த ஆளு சிரிக்கதப் பாத்தியா? இன்னைக்கு நீ பாசிய வெட்டுனா, நாளைக்குத் தோல் ஃபேக்டரிக்காக மீனை வெட்டுவாரு. வேண்டாம்ட்டி."

"எங்க அக்கா கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்காட்டி! சும்மா இருக்கச் சொல்லுதியா?"

ஆவுடை பேனாவை எடுத்தாள். மீன் மாட்டாமல், நத்தை மாட்டாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதினாள். பிறகு சத்தமாகப் படித்தாள்: "சுற்றியுள்ள உயிர்களை அழித்துத் தான் மட்டும் பெருகி, தான் வாழும் நீரையே நஞ்சாக்கும் உயிர் களை. களைக்கு வாக்கில்லை. களையின் தேவை குளத்தின் தேவையாகாது."

வன்னியப்பெருமாளின் சிரிப்பு போய்விட்டது. இந்த விதியை வைத்து ஒரு கெண்டைக்குஞ்சைக்கூட வெட்ட முடியாது. ஆணையர் தலையசைத்து விதியை உயிர்வாக்கிக்குள் ஏற்றினார்.

திரை கொஞ்சநேரம் வெறுமையாகக் கிடந்தது. பச்சை வந்தது. சம்மதம்!

வடகரையில் சாக்கடை மதகு கடகடவென்று இறங்கியது. பந்தலே எழுந்து கைதட்டியது. எப்சிபா அவளைக் கட்டிக்கொண்டாள். "பாவி மகளே, களைன்னு சொல்லிட்டியே! அதுவும் சட்டத்துல! ஊருக்கே டீ வாங்கித் தந்தாத்தான் விடுவேன்."

"தாறேன்ட்டி, தாறேன்," என்று ஆவுடை சிரித்தாள், கண்ணீர் வந்தது.

அப்போது தென்கரையிலும் கடகடவென்று சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் இருப்பது குடிநீர் மதகு ஒன்றுதான்.

திரையில் இரண்டு வரிகள் நின்றன. நீக்கப்பட்ட உயிர்கள்: நீலப்பச்சைப் பாசி, மனிதர்.

"ஐயையோ, திறக்கச் சொல்லுங்க மேடம்!" என்று கத்தினார் வன்னியப்பெருமாள். சற்றுமுன் எதிர்க்கட்சியாக இருந்தவர் ஆவுடையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"யார் சொல்ல?" என்றார் ஆணையர். "மனிதக் கை படக்கூடாது. விதியைத் திருத்தணும்னாலும் குளத்தைத்தான் கேக்கணும்."

கேட்டார்கள். களைக்கு மறுபடி வாக்குத் தரலாமா என்று ஆவுடையே கேட்டாள். இப்போது மீனும் நத்தையும் எருமையும் நீர்க்காகமும் மட்டும்தான் பதில் சொல்லவேண்டும். உயிர்வாக்கி தொட்டியில் செய்து பார்த்தது. சிவப்பு சட்டென்று வந்துவிட்டது.

ஆவுடையின் போன் அடித்தது. அக்கா.

"ஏட்டி, அடைச்சிட்டியாமே! டிவியில சொல்லுதான். வார்டே உன்னைத்தான் பேசுது. நீ நல்லா இருப்பட்டி." இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "இங்க குழாய்ல தண்ணி நின்னுபோச்சு பாத்துக்க. மாத்திரை போடணும். எப்ப வரும்?"

ஆவுடை கரைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். குளம் தளும்பத் தளும்பக் கிடந்தது.

"குளத்தைத்தான் கேக்கணும்க்கா," என்றாள்.

"கேட்டுச் சொல்லேன்," என்றாள் உலகம்மை. "நீ சொன்னா அது கேக்குமே."