ஆறு பேர் விடும் மூச்சு

காலை பதினொரு மணி வெயிலில் அந்தக் கட்டடம் ஒன்றும் அறியாததுபோல் நின்றுகொண்டிருந்தது. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். செருப்புக் கம்பெனியின் பழைய பலகை இறங்கி, அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பலகை ஏறியிருந்தது. அவள் இரண்டு கருவிப் பெட்டிகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"வாங்க, காத்து மேடம்!" என்று காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிப் பல வருடமாகிறது. தெருமுனையில் வண்டிப்புகை, பள்ளிக்கூட அறையில் தூசி, பட்டறையில் பசையின் ஆவி என்று பதினெட்டு வருடமாகக் காற்றை அளந்துகொண்டிருப்பவள் அவள். எங்கே போனாலும் காத்து மேடம்தான்.

"காத்து மட்டும்தான் அளப்பீங்களா, இல்ல கருப்பையும் சேர்த்து அளந்துடுவீங்களா?" என்று காவலாளி சிரித்தார்.

வேறு இடமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இந்தப் படியை அவள் மிதிப்பது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்துபோய் நாலு வருடமாகிவிட்டது.

"அக்கா, வந்துட்டியா?" தம்பி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். புதுக் கம்பெனிக்கு அவன்தான் மேனேஜர். "கீழ் ரூம் மட்டும்தான். நீ நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கே ஆளுங்களை உக்கார வெச்சிடலாம்."

அவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபிறகு அவனுக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, காய்ச்சலில் விழுந்தால் விடிய விடிய விழித்திருந்து வளர்த்தவள் அவள்தான். ஒட்டுமொத்த உலகத்தில் அவன் ஒருவனுக்கு முன்னால்தான் அவளுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது.

நாலு வருடத்துக்கு முன்பும் வரவில்லை.

அப்போது அந்தக் கீழ் அறை, செருப்புக்கு அடித்தோலைப் பசை போட்டு ஒட்டுகிற இடம். ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். தம்பி அவர்களுக்குப் புதுச் சூப்பர்வைசர். காற்றைச் சோதிக்க அவள் வந்த அன்று, மாடிப்படி வளைவில் நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அளவு தப்பா வந்தா செக்‌ஷனையே மூடிடுவாங்க. இப்பத்தான் தலை தூக்கியிருக்கேன். நீயே என் வயித்துல அடிக்காத."

வேலை செய்பவரின் சட்டைக் கழுத்தில், மூக்குக்குக் கீழே, சின்னக் கண்ணாடிக் குழாயைக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். இடுப்பில் கட்டிய பம்பு அதன் வழியாகக் காற்றை இழுக்கும். மூக்குக்குள் போவது எதுவோ அதுவே குழாய்க்குள்ளும் போகும். அதுதான் முறை.

அவள் குழாயை ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.

மற்றவர்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிற பருத்த பெண் ஒருத்தி, பசைப் பிரஷைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், என் கழுத்துல மாட்டுங்க. நான்தானே மூச்சு விடுறேன், ஜன்னலா விடுது?"

ஆறு பேரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். காற்று நன்றாக இருக்கிறது என்று அறிக்கை போனது.

ஐம்பத்து மூன்றாம் நாள் அந்த அறையில் ஆறு பேரும் செத்துக் கிடந்தார்கள். பசை டிரம் கவிழ்ந்து ஆவி கிளம்பியது, கதவு சிக்கிக்கொண்டது, கெட்ட நேரம் என்று விசாரணை முடிந்தது. அவளுக்கு மட்டும் முடியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ராத்திரிகூட முழுத் தூக்கம் தூங்கியதில்லை.

இன்று அதே படிகளில் தம்பி முன்னால் இறங்க, அவள் பின்னால் இறங்கினாள்.

அறை துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. நாலு சுவர், உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த இரும்புக் கதவு. பெயின்ட் வாசனை தவிர வேறொன்றுமில்லை. அவள் ஜன்னலை மூடினாள். நடு அறையில் முக்காலியை நிறுத்தி, மீட்டரையும் பம்பையும் அதில் பொருத்தினாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் குழாயைக் கொண்டுபோகவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு இருவரும் மேலே வந்தார்கள். மீட்டர் காட்டுகிற எண்கள் கம்பியில்லாமல் அவள் கையிலிருந்த சின்னத் திரைக்கு வந்துகொண்டிருந்தன.

ஆளில்லாத, மூடிய அறையில் காற்று அசையாது. கரியமில வாயு வெளியில் இருக்கிற அளவிலேயே நிற்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் நானூற்று இருபது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் நானூற்று இருபது.

பத்து நிமிடத்தில் திரை அறுநூற்று இருபது காட்டியது.

இருபது நிமிடத்தில் எண்ணூற்று இருபது.

அரை மணியில் ஆயிரத்து இருபது.

"என்னக்கா, முகம் இப்படிப் போகுது?" என்றான் தம்பி.

"கீழ யாராவது இருக்காங்களா?"

"நாமதானே சாத்திட்டு வந்தோம்!"

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அறையின் கொள்ளளவு நூறு கன மீட்டர். உட்கார்ந்து கைவேலை செய்கிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய இருபது லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுவார். கணக்கு மூன்று வரிதான். மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் ஒரே விடை.

கீழே ஆறு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மீட்டர் கோளாறா இருக்கும்கா," என்றான் தம்பி.

அவள் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனை. பெயின்ட் இல்லை. தித்திப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கண்ணின் பின்புறம் போய்க் குத்துகிற வாசனை. பசை.

முக்காலியில் மீட்டர் இருந்தது. பம்பு இல்லை.

பம்பு சுவரோரம் இருந்தது. முன்பு பெரியக்காவின் மேசை கிடந்த இடத்தில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், எதன்மேலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ரப்பர்க் குழல் மேலே ஏறி வளைந்து, ஒரு ஆள் உட்கார்ந்தால் கழுத்து வருகிற உயரத்தில் முடிந்தது. கிளிப் எதையோ கவ்விப் பிடித்திருந்தது.

அங்கே கழுத்து இல்லை.

கண்ணாடிக் குழாய் மெதுவாக முன்னால் வந்தது. மெதுவாகப் பின்னால் போனது. மறுபடி முன்னால்.

மூச்சு விடுகிற நெஞ்சின்மேல் கிடப்பதுபோல.

"அக்கா, வா போயிடலாம்," தம்பி கிசுகிசுத்தான். ஆனால் அவன் கால் அறைக்குள்ளேயே வேர் விட்டிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

கதவு திறந்துதான் இருந்தது, சுவரோடு சுவராக. தட்டல் அதன் உள்பக்கத்திலிருந்து வந்தது. விரல் மடக்கித் தட்டுகிற தட்டல் இல்லை. உள்ளங்கையால், பலமில்லாமல், விட்டு விட்டு.

தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "நிறுத்தச் சொல்லுக்கா! அன்னைக்கும் இப்படித்தான்... இப்படியேதான் தட்டினாங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீ வெளிய சாப்பிடப் போயிருந்தேன்னு சொன்னியே."

அவன் கண் தாழ்ப்பாள் பக்கம் போனது.

"கதவு சிக்கிக்கிச்சுன்னு சொன்னியேடா."

"அடிக்கடி வெளிய வந்து நின்னாங்கக்கா. தலை சுத்துது, காத்து வேணும்னு ஒரே பாட்டு. வேலை நடக்கவே இல்ல. அதான் தாழ்ப்பாள் போட்டேன். தட்டினாங்க. டிமிக்கி குடுக்கத்தான் தட்டுறாங்கன்னு நெனச்சுக் கிளம்பிட்டேன். நாப்பது நிமிஷம். வந்து பாத்தா சத்தமே இல்ல. தாழ்ப்பாளை எடுத்துட்டு, சிக்கிக்கிச்சுன்னு கத்தினேன்."

நாலு வருடம் அவள் ஒருத்தி மட்டும் சுமந்தது பாதிப் பாவம் என்று அப்போதுதான் தெரிந்தது. மீதிப் பாதி, அவள் கையால் சோறு ஊட்டி வளர்த்த உடம்புக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அவன் பக்கத்தில் நிற்க அவளால் முடியவில்லை. ஒரே ஒரு அடி பின்னால் வைத்தாள். வாசற்படியைத் தாண்டிய அடி.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் கண்ணெதிரே தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. அவசரமே இல்லாமல், ஆற அமர, கடைசிவரை.

"அக்கா!"

அவள் பாய்ந்து இழுத்தாள். சுவரோடு வார்த்த இரும்பைப்போல் அது நின்றது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. சத்தம் கேட்டுக் காவலாளி கடப்பாரையோடு ஓடி வந்தார். இருவரும் நெம்பினார்கள். கடப்பாரைதான் வளைந்தது.

உள்ளே தம்பி தட்டினான். முதலில் முஷ்டியால். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையால்.

கையிலிருந்த திரை பளிச்சென்று இன்னொரு எண்ணைக் காட்டியது. ஆக்சிஜன். நல்ல காற்றில் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது இருக்க வேண்டும்.

பத்தொன்பது.

பதினாறு.

பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. எந்த எண்ணில் மனித உடம்புக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு மனப்பாடம். பதினாறில் நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும். பதினான்கில் உதடு நீலம் பாயும். பன்னிரண்டில் கால் துவளும். வேறு எந்த அக்காவாக இருந்தாலும் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுறேன்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "நடந்தது எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன். அவனை விட்டுடுங்க!"

அவள் பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. பசை வாசனை.

"அளவு சரியா வருதா, மேடம்?"

பதினொன்று.

எண் அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் அவன் செத்திருப்பான். கொஞ்சம் ஏறியிருந்தால் தெளிந்திருப்பான். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. உள்ளே தட்டுகிற சத்தம் நகத்தால் பிராண்டுகிற சத்தமாயிற்று. பிறகு அதுவும் நின்றது.

சரியாக நாற்பதாவது நிமிடம் தாழ்ப்பாள் விலகியது.

தம்பி கதவடியில், வாசற்படி இடுக்கில் வாயை வைத்தபடி கிடந்தான். உயிர் இருந்தது. முக்காலியில் பம்பு அதன் இடத்தில் இருந்தது. மீட்டர் இருபது புள்ளி ஒன்பது காட்டியது. அறை முழுக்கப் பெயின்ட் வாசனை.

சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள். ஜன்னலில் மாட்டிய குழாயிலிருந்து தாழ்ப்பாள்வரை பதினொரு பக்கம் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். அவள் வேலை போயிற்று. ஆறு வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவள் முகத்தில் காறித் துப்பினார்கள். துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். அப்படி நின்றால் தம்பி எழுந்து உட்காருவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அவன் எழவில்லை. சாகவும் இல்லை.

நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமா பசை வேலை செஞ்சார்?" என்று கேட்டார். ஒரு நாள்கூட அவன் பிரஷைத் தொட்டதில்லை என்று சொன்னபோது நம்பவில்லை. கண் திறந்திருந்தது, நினைவு இருந்தது, வலி இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. மூக்கிலும் வாயிலுமாக ஆக்சிஜன் முகமூடி. மாதம் மூன்றாகியும் அதே நிலை.

ஒரு மத்தியானம் நர்ஸ் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க தம்பி ஒருத்தருக்குத்தான் குடுக்கிறோம். ஆனா ஏழு பேருக்குக் குடுத்த மாதிரி சிலிண்டர் காலியாகுது. குழாயெல்லாம் மாத்திப் பாத்தாச்சு. எங்கயும் கசிவு இல்ல."

அவள் உள்ளே போய்க் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வார்டு முழுக்கப் பகல் வெளிச்சம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

தம்பியின் கண்கள் அவளைப் பார்த்தன. கெஞ்சுகிற கண்கள்.

முகமூடி தானாக அவன் முகத்தைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. யாரோ பதமாகப் பிடித்துத் தூக்கியதுபோல வெளிப்பக்கம் சாய்ந்தது. பிளாஸ்டிக்கில் மூச்சு பட்டுப் பனித்தது. தெளிந்தது. இன்னொரு பக்கம் சாய்ந்தது. மறுபடி பனித்தது.

அவன் வாய் கரையில் போட்ட மீனின் வாயாகத் திறந்து திறந்து மூடியது.

அவள் எண்ணினாள். மூன்று. நாலு. ஐந்து. ஆறு.

ஏழாவது முறைதான் அது அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு மூச்சு.

பிறகு மறுபடி எழும்பியது.