ரோஷினிக்கு வந்த மருந்து

ரோஷினி பொய் சொல்கிறாள் என்றுதான் வார்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவளை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். இடது முழங்கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அன்றைக்கே முழங்காலைத் திறந்து சீழை எடுத்தார்கள். கிருமி ரத்தத்திலும் கலந்திருந்தது. இருபத்தாறு வயது, பாலர் பள்ளி ஆசிரியை, பெண்கள் கபடி அணியின் கேப்டன். அந்தக் கால் இனி பழையபடி ஓடுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எம்ஆர்எஸ்ஏ. வழக்கமான ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி," என்றார் டாக்டர் பாலகிருஷ்ணன். "பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே கிளினிக்ல முழங்கால் கட்டியைக் கீறி, சீழை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வந்ததும் மருந்தை மாத்தி வீட்டுக்கே அனுப்பியிருக்காங்க. இந்தப் பொண்ணு அதைத் தொடவே இல்ல. கேட்டா மருந்தே வரலைங்கறா."

அவர் இதைச் சொன்னது மேனுகாவிடம். மருத்துவமனையில் தொற்று எங்கிருந்து வந்தது, யாருக்குப் பரவியது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் மேனுகாவின் வேலை. பதினேழு வருடத் தாதி. நோயாளிகள் பொய் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறாள். பொய் சொல்கிறவர்கள் முதலில் காரணம் சொல்வார்கள். ரோஷினி காரணமே சொல்லவில்லை.

"முதல்ல குடுத்த செஃபலெக்சின் மட்டும்தான் சிஸ்டர் என்கிட்ட இருந்துச்சு. ஒரு வேளை கூட விடல. கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிட்டேன்."

"மறந்திருக்க வாய்ப்பு?"

"இல்ல. சுஷ்மி டைம் பார்த்து எடுத்துக் குடுப்பா. தண்ணியோட."

சுஷ்மிதா அவள் தோழி. உயர்நிலைப் பள்ளியில் இருந்து ஒரே பெஞ்ச், ஒரே அணி. புக்கிட் பாத்தோக்கில் ரோஷினியின் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். அந்த வீட்டில் மூன்றாவது ஆள், ரோஷினியின் அண்ணன் ரஞ்சன்.

மேனுகா கிளினிக்குக்குப் போன் செய்தாள். அங்கே எடுத்தவர் சாயிரா பானு.

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ரிசல்ட் வந்துச்சு. உடனே மெசேஜ் பண்ணேன். பழைய மாத்திரையை நிறுத்துங்க, டாக்சிசைக்ளின் அனுப்புறோம்னு. பதில் அவங்க நம்பர்ல இருந்துதான் வந்துச்சு. 'ஓகே, திங்கக்கிழமை அனுப்புங்க. ஷூ ரேக் மேல வெச்சா போதும்'னு. வெச்ச போட்டோ கூட இருக்கு சிஸ்டர்."

ரோஷினியின் கைப்பேசியில் அந்த உரையாடலே இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்.

"அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"பிராக்டிஸ் ஹால்ல. முழங்கால் வலி, அதனால உக்காந்து பாயிண்ட் எழுதிட்டு இருந்தேன். போன் பையில இருந்துச்சு."

"அதோட பின் நம்பர் யாருக்குத் தெரியும்?"

ரோஷினி கொஞ்சம் யோசித்தாள். "அண்ணனுக்கு. சுஷ்மிக்கு. வேற யாருக்கும் தெரியாது."

"அண்ணன் அன்னைக்கு ஹாலுக்கு வந்தாரா?"

"வந்தான். வீட்டுச் சாவியை மறந்துட்டான். என் பையில இருந்து எடுத்துட்டுப் போனான்." சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. "சிஸ்டர், அவன் அப்படிச் செய்ய மாட்டான்."

மேனுகா ரஞ்சனின் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, ரோஷினியின் சம்மதத்தோடு, ஃபேரர் பார்க் பக்கம் அணி பயிற்சி செய்யும் கூடத்துக்குப் போனாள் மேனுகா. அடுத்த மாதம் ஜொகூரில் போட்டி. வரும் சனிக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். பாயில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். சுவரோரம் நாலைந்து துண்டுகள் கிடந்தன. யாருக்கு எது கையில் கிடைத்ததோ அதில் முகம் துடைத்தார்கள்.

பயிற்சியாளர் வடிவேலு ஆட்டத்தை நிறுத்தினார். மேனுகா ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்திக்கு அக்குளில் கட்டி. இன்னொருத்திக்குத் தொடையில் சீழ் வைத்த புண், அதைத் தானே பிதுக்கியிருந்தாள். மூன்றாமவள் அம்மாவுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் யாருமே சொல்லல?"

பெண்கள் வடிவேலுவைப் பார்த்தார்கள்.

"புண்ணு இருந்தா செலக்‌ஷன் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்," என்றார் அவர். "பரவக் கூடாதில்ல? சேஃப்டிக்காகத்தான்."

மேனுகா பாயிலேயே உட்கார்ந்து பேசினாள். புண்ணைப் பிதுக்கக் கூடாது, கீற வேண்டுமென்றால் டாக்டர் கீறட்டும். சுத்தமான கட்டுப் போட்டு முழுக்க மூட வேண்டும், மூட முடியாவிட்டால் ஆறும்வரை பாய்க்கு வரக்கூடாது. துண்டு, ரேசர், முட்டிக் காப்பு எல்லாம் அவரவருக்கு. ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பாயை ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அடுத்தவர் மருந்தைத் தொடவே கூடாது.

கடைசியாக வந்தவள் சுஷ்மிதா. ஃபேரர் பார்க் மாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்றவர்கள் அரைக்கை ஜெர்ஸியில் இருக்க, அவள் முழுக்கை போட்டிருந்தாள்.

"ரோஷி எப்படி இருக்கா சிஸ்டர்? நான் டெய்லி போறேன், ஆனா எங்கிட்ட யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க." கண் கலங்கியிருந்தது. அது நடிப்பாகத் தெரியவில்லை.

"கையைக் காட்டுங்க."

முழங்கைக்கு மேலே வட்டமாக ஒரு தழும்பு. புதுத் தோல், நன்றாக ஆறியிருந்தது. "கொசு கடிச்சுச் சொறிஞ்சுட்டேன்," என்றாள். புறங்கை இரண்டும் கறுத்து, தோல் உரிந்திருந்தது. மூக்குத் தண்டிலும் அப்படியே.

"இது?"

"ஞாயித்துக்கிழமை ரன்னிங் போனோம். வெயில்."

"நாங்களும்தான் ஓடினோம்," என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். "இவளுக்கு மட்டும் ஸ்பெஷல் வெயில்லா."

வடிவேலு எல்லாருக்கும் பொட்டலத்தில் டீயும் வடையும் வாங்கி வரச் சொன்னார். "எல்லாருக்கும் தே. சுஷ்மிக்கு மட்டும் தே-ஓ. பால் வேணாங்கிறா, இப்பக் கொஞ்ச நாளா."

"டயட்," என்றாள் சுஷ்மிதா. வடை இரண்டு சாப்பிட்டாள்.

மேனுகா கிளம்பும்போது வடிவேலு வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லலாமா கூடாதான்னு தெரியல. ரோஷினி கபடி ஆடறது ரஞ்சனுக்குப் பிடிக்காது. ஒருநாள் இங்கேயே நின்னு கத்தினான். முட்டி உடைஞ்சாத்தான் இவ நிறுத்துவான்னு."

புதன் மதியம் ரஞ்சனை அவன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் பார்த்தாள். துவாஸ் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. தூக்கமில்லாத கண்கள். முன்னால் இருந்த தே-யில் கெட்டிப்பால் அடியில் தங்கியிருந்தது. அதைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"முட்டி உடையணும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்." அவன் தலை நிமிரவில்லை. "ரெண்டு தடவை தோள்பட்டை எறங்கி வந்தா சிஸ்டர். பயத்துல சொன்னேன்."

"சனிக்கிழமை அவ பையைத் திறந்தீங்க."

"சாவி எடுத்தேன்."

"மருந்து வந்த திங்கக்கிழமை வீட்டுல இருந்தீங்க."

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தேன். மத்தியானந்தான் எழுந்தேன். ஷூ ரேக் மேல எதுவும் இல்ல." அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கரண்டியைக் கீழே வைத்தான். "என் தங்கச்சி மருந்தை நான் எடுத்துக் குப்பையில போட்டேன்னு நினைக்கிறீங்களா?"

மேனுகா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

குப்பையில் போட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். ரோஷினிக்கு மருந்து கிடைக்கக் கூடாது என்று யார் நினைத்திருப்பார் என்றே தேடினாள். மருந்து யாருக்குத் தேவைப்பட்டது என்று ஒரு தடவை கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிருங்க ரஞ்சன்," என்றாள். "உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்."

அன்று மாலை பார்வையாளர் நேரத்துக்கு முன்பே சுஷ்மிதா வந்திருந்தாள். ஒரு டப்பாவில் கஞ்சி. மேனுகா அவளை வார்டுக்கு வெளியே இருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சுஷ்மிதா, டாக்சிசைக்ளின் எத்தனை நாளாச் சாப்பிடறீங்க?"

டப்பாவைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"என்ன சிஸ்டர் பேசறீங்க?"

"அந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு வெயில் ஒத்துக்காது. ஞாயித்துக்கிழமை டீமே ஓடுச்சு. தோல் உரிஞ்சது உங்களுக்கு மட்டும். கையை இன்னும் முழுக்கைக்குள்ள ஒளிச்சிட்டிருக்கீங்க. பாலோட சாப்பிடாதீங்கன்னு மருந்துப் பையிலேயே ஒட்டியிருக்கும். நீங்க பாலை விட்டீங்க, எண்ணெய் வடையை விடல. ஹால்ல கட்டி வந்தவங்க யாருக்கும் இன்னும் ஆறல. உங்க கையில இருக்கிறது கொசுக்கடி இல்ல. ஆறின கட்டி. சரியான மருந்து சாப்பிட்டதால ஆறின கட்டி."

சுஷ்மிதா சுவரைப் பார்த்தாள்.

"ரஞ்சன்தான் எடுத்தாருன்னு நான் கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். அவர் இப்பவும் கெட்டிப்பால் டீ குடிக்கிறவர். உடம்புல ஒரு கீறல் இல்ல. அவருக்கு அந்த மருந்து எதுக்கு? போன் பின் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். அதுல கட்டி வந்தவங்க ஒருத்தர்தான்."

சுஷ்மிதா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அவ பையில போன் சத்தம் கேட்டுச்சு. ஏதும் அவசரமோன்னு எடுத்தேன். கிளினிக் மெசேஜ். அவ பேர்ல பதில் போட்டு அழிச்சேன், திங்கக்கிழமை வந்த மருந்தை நானே எடுத்துக்கிட்டேன். எனக்கும் அதே மாதிரி கட்டி வந்து ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. நானா கிளினிக் போனா டெஸ்ட், ரிப்போர்ட், எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அஞ்சு வருஷமா ரிசர்வ்ல உக்காந்திருக்கேன் சிஸ்டர். இந்தத் தடவைதான்..." நிறுத்தினாள். "அவளுக்குக் கட்டியைக் கீறி எடுத்துட்டாங்க. எப்படியும் ஆறிடும்னு நினைச்சேன். அவளுக்கு எல்லாமே சீக்கிரம் ஆறும்."

"ஆறலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கிழமை."

"காய்ச்சல் வந்தப்ப?"

"கோர்ஸ் முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன்."

மேனுகாவுக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் சொன்னாள். "நாளைக்கு நீங்க உங்க பேர்ல டாக்டரைப் பார்க்கணும். அந்தக் கிருமி இன்னும் உங்க மேல இருக்கலாம். இப்ப உள்ள போய் அவகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு நீங்க சொல்லலைன்னா, அவ மருந்து எங்க போச்சுன்னு கேட்கும்போது நான் பொய் சொல்ல மாட்டேன்."

ரோஷினி தலையணையில் சாய்ந்திருந்தாள். காலில் கட்டு, கையில் ட்ரிப். சுஷ்மிதாவைப் பார்த்ததும் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். சுஷ்மிதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், நடுவில் ஓர் இடத்திலும் நிறுத்தாமல்.

ரோஷினிக்கு அழுகை வரவில்லை. ஏதோ பாஷை புரியாதவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை நீதானே எடுத்துக் குடுத்தே," என்றாள் கடைசியில். "டெய்லி. தண்ணி ஊத்தி."

"ஆமா."

"அதுல ஒண்ணும் குணமாகாதுன்னு தெரிஞ்சே குடுத்தியா?"

சுஷ்மிதா ஆமென்று தலையசைத்தாள்.

"நான் உனக்குத் தேங்க்ஸ் சொன்னேன்."

கஞ்சி டப்பாவை மேசையில் வைக்கப் போனாள் சுஷ்மிதா. "எடுத்துட்டுப் போ," என்றாள் ரோஷினி. குரல் உயரவே இல்லை. சுஷ்மிதா போய்விட்டாள்.

கதவு சாத்திய பிறகும் ரோஷினி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனுகா ட்ரிப்பைச் சரிபார்ப்பதுபோல் பக்கத்தில் நின்றாள்.

"கோச்சுக்குச் சொல்லணுமா?" என்றாள்.

"சொல்லுங்க. ஆனா புண்ணைச் சொன்னா டீம்ல இடம் இல்லைன்னு ரூல் போட்டது அவர்தான்னும் சொல்லுங்க. மத்தவங்களாவது இனிமே சொல்லட்டும்." கொஞ்சம் பொறுத்து, "சிஸ்டர், என்னைச் சேர்க்கும்போது அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்டாங்க," என்றாள்.

"ஆமா."

"சுஷ்மி பேரைக் குடுத்தேன். அண்ணன் திட்டுவான்னு." இப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "அதை மாத்தணும். ரஞ்சன்னு போடுங்க."

மேனுகா கணினியில் பழைய பெயரை அழித்தாள். புதிய பெயரை எழுதி, எண்ணைக் கேட்டாள். ரோஷினி அண்ணனின் எண்ணைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றாள். அது அவளுக்கு மனப்பாடமாக இல்லை. சுஷ்மிதாவின் எண் மட்டும்தான் அவளுக்கு மனப்பாடம்.