ஹேசலின் இடப்பக்கம்

பாதை முழுக்கக் காலியாகக் கிடந்தும் ஹேசல் வலது ஓரத்தை விட்டு நகரவில்லை. பூங்காவில் வெட்டிய மரங்களை இழுக்கும் அந்தப் பெரிய பெட்டைக்குதிரை, இடப்பக்கம் இன்னொரு குதிரைக்கு இடம் விட்டே நடந்தது. அது ஜோடியான மேஜரின் இடம். மேஜர் செத்து ஒரு வாரமாகிறது.

"ஜோடி செத்தா மோந்து பாக்க விடணும்னு உனக்குத் தெரியாதா, நெவில்?" என்றாள், குதிரையோட்டி நெவிலுடன் வேலை செய்யும் பெத்தன். "பாத்திருந்தா புரிஞ்சிருக்கும். இன்னும் தேடிக்கிட்டே இருக்கா, பாவம்."

"குதிரைக்கு இழவு வீடு வேற வைக்கணுமா? போய் கேட்டுல நில்லும்மா, நாயோட வர்றவங்கள ஓரமா நிறுத்து."

சிரித்துச் சமாளித்தான், பாவி. நொண்டிக்கொண்டிருந்த மேஜரைச் சங்கிலியால் அடித்து அடித்துக் களிமண் சரிவில் ஏற்றியவன் அவன்தான். விழுந்து கால் முறிந்த குதிரை வலியில்லாமல் சாக மருத்துவர் ஊசி போட்டார். தொடையிலிருந்த காயங்களைச் சேறு மறைத்திருந்தது. யாராவது கழுவிப் பார்த்தால் வேலை போய்விடும் என்று, ஹேசலுக்குக்கூடக் காட்டாமல் உடலை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

பெத்தன் போனதும் ஒரு கட்டையைப் பிணைத்து, ஹேசலோடு அதே சரிவில் ஏறினான். பனிமூட்டம் கீழிருந்து மெல்ல எழுந்து ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. சுவருக்கு அப்பால் ஓடும் லண்டன் பேருந்துகளின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஹேசலின் மூச்சும் ஈர இலையில் கட்டை உரசும் சத்தமும் மட்டும் மிஞ்சின.

பிறகு இன்னொரு குளம்பொலி.

இடப்பக்கம். மூன்று அடி, ஓர் இழுப்பு. மூன்று அடி, ஓர் இழுப்பு.

நொண்டி நடை.

நெவில் இடப்பக்கம் திரும்பினான். நனைந்த குதிரைத் தோலின் வாடை சூடாக முகத்தில் அடித்தது. கையை நீட்டிப் பார்த்தான். மயிர். ஈரம். விரலெல்லாம் சிவப்பு.

ஓடப் பார்த்தான். கழுத்தில் ஏதோ கனமாக இறங்கியது. காலையில் லாயத்தில் அவனே ஆணியில் மாட்டிவிட்டு வந்த மேஜரின் கழுத்துப்பட்டை. கத்த வாயைத் திறந்தான். பல்லுக்கிடையே கடிவாள இரும்பு நுழைந்தது.

ஹேசல் நின்றது. தலையைத் திருப்பி, அவன் முகத்தை, கழுத்தை, நெஞ்சை நிதானமாக முகர்ந்து பார்த்தது. செத்ததை முகர்வது போல. ஒரு பெருமூச்சு விட்டது. இனி அது தேடாது. மீண்டும் நடக்கத் தொடங்கியது.

"அட!" கீழே பனிக்குள்ளிருந்து பெத்தனின் குரல். "நடை சரியாயிடுச்சே, ரெண்டு பேர் இழுக்கிற மாதிரியே கேக்குது! என்ன மாயம் பண்ணுன, நெவில்?"

ஹேசலின் இடப்பக்கம் நெவில் கட்டையை இழுத்தான். கால்கள் களிமண்ணில் வழுக்கின.

முதுகுக்குப் பின்னால், சங்கிலி மேலே எழும் சத்தம் கேட்டது.