சுவரில் ஒரு மூச்சு

விளக்கை மேசைமேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும், எதிர்ச்சுவரில் விழுந்திருந்த வெளிச்ச வட்டம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தான். வெளியே தீயணைப்பு நிலையக் கொட்டகையில் தண்ணீர் வண்டியின் பம்பை யாரோ ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்; அந்த அதிர்வு தரை வழியாக வந்து மேசைக் கால்களில் ஏறியிருக்கும் என்று நினைத்தான். பம்பு நின்றது. டீசல் வாடை மட்டும் சன்னல் வழியாக உள்ளே வந்தது. வட்டம் நிற்கவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமா போனதிலிருந்து அவனுக்குள் எதுவும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. போன வாரம் கையில் கொதிநீர் கொட்டியபோதுகூட, பக்கத்து வீட்டில் யாரோ கத்துவதுபோலத்தான் அந்த வலி கேட்டது.

விசையை அழுத்தினான். சுவர் வெறும் சுவரானது.

அந்த விளக்கு சாதாரண டார்ச் போல நீளமானதல்ல. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். தலை மட்டும் செங்கோணத்தில் திரும்பி முன்னால் பார்க்கும். தீயணைப்பு உடையின் மார்புப் பட்டையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மார்பில் தொங்குவதால் அந்த வகை விளக்குக்கு ஒரு குணம் உண்டு. மாட்டியிருப்பவன் மூச்சை இழுத்தால் வட்டம் ஏறும், விட்டால் இறங்கும். புகைக்குள் ஆளைப் பார்க்க முடியாதபோது இந்த நிலையத்தில் எல்லோரும் கூட்டாளியின் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். வேகமாக ஆடினால் பயந்திருக்கிறான். ஆடாமல் நின்றுவிட்டால் ஓடு. சீராக ஏறி இறங்கினால் கவலையில்லை, உன் வேலையைப் பார். எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத பழக்கம். ஆனாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

மாமாவின் வட்டம் தனி. அக்காவின் கணவர், இதே நிலையத்தில் அவனுடைய கூட்டாளி. எப்போதோ மூக்கு உடைந்திருந்ததால் அவருடைய மூச்சு பாதி ஏறி, படியில் கால் இடறியதுபோல ஒரு கணம் நிற்கும். பிறகு மீதியும் ஏறும். போன மழைக்காலத்தில் காகிதக் கிடங்கு எரிந்தபோது அந்த வட்டம் அவனுக்கு முன்னால் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. மீதியும் ஏறும் என்று பார்த்தான். விளக்கு அணைந்துவிட்டது. பழைய விளக்கு, சார்ஜ் நிற்காத பேட்டரி. அந்த இருட்டில் மாமாவைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிட்டது.

இப்போது மேசையில் நின்ற விளக்கின் வட்டமும் பாதியில் ஒரு கணம் இடறியதா? சரியாகப் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

காலையில் அக்கா கூப்பிட்டிருந்தாள்.

“தம்பி, புது விளக்கு வந்திருக்காமே.”

“ஆமாக்கா. மாதிரிக்கு ரெண்டு அனுப்பியிருக்காங்க. நான்தான் பாத்துச் சொல்லணும்.”

“நீ சொன்னா வாங்கிடுவாங்களா?”

“எல்லாருக்கும் வாங்குவாங்க.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். அவள் அதை மூடினாள். “அணையாதுல்ல?” என்றாள்.

“அதத்தான்க்கா பாக்கணும்.”

“அணையாததா பாத்து வாங்கு.”

அவ்வளவுதான். அவனும் அந்த விளக்கிடம் வேறெதையும் கேட்கவில்லை. முற்றத்தின் சிமெண்டுத் தரையில் போட்டான், அணையவில்லை. வாளித் தண்ணீருக்குள் முக்கிவிட்டுச் சாப்பிடப் போய்வந்தான். அடியில் ஒரு மஞ்சள் கண்போல எரிந்துகொண்டிருந்தது. தடித்த கையுறையோடு விசையை அழுத்திப் பார்த்தான். விரலுக்கு எளிதாக அகப்பட்டது.

“எங்க வீட்டம்மா வாய்க்கு அப்புறம் நிறுத்தவே முடியாத பொருள் இதுதான்ணே,” என்றான் ஊசி. மாமாவுக்குப் பிறகு அவனுக்கு வாய்த்த கூட்டாளி. ஒல்லி உடம்புக்கும் குத்தும் பேச்சுக்குமாகச் சேர்த்து அந்தப் பெயர் வாங்கியவன்.

“போய் உடுப்ப மாட்டு. புகை அறை பாக்கி இருக்கு.”

“நான்தான் விழுந்து கிடக்கணுமா?”

“நீதான் சும்மா கிடக்கறதுல கெட்டிக்காரன்.”

“சரிதான். தூங்கிட்டேன்னா மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல.”

நிலையத்துக்குப் பின்னால் சன்னலில்லாத ஒரு கட்டடம். உள்ளே தடுப்புச் சுவர்கள், பழைய கட்டில், கவிழ்ந்த அலமாரி. கருவியால் புகையை நிரப்பிவிடுவார்கள். சூடில்லாத, ஆபத்தில்லாத பயிற்சிப் புகை. ஊசி காற்று முகமூடி போட்டு, ஒரு விளக்கை மார்பில் மாட்டிக்கொண்டு முதலில் போய் எங்காவது மல்லாந்து கிடக்க வேண்டும். இவனும் அதேபோல இன்னொரு விளக்கை மாட்டிக்கொண்டு போய் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். நிலைய அதிகாரி வாசலில் வாக்கி டாக்கியோடு நின்றார். பிற்பகல் வெயில் அவருடைய தலைக்குப் பின்னால் வெள்ளையாக எரிந்தது. கதவு மூடியதும் அதுவும் இல்லை.

முகமூடிக்குள் ரப்பர் வாடை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் வால்வு ‘டிக்’ என்று திறந்தது, விடும்போது நீளமாகச் சீறியது. வலது கையைச் சுவரில் வைத்தபடி மண்டியிட்டு நகர்ந்தான். அவனுடைய விளக்கின் வெளிச்சம் புகைக்குள் பால்போலக் கட்டியாக நின்றது. குனிந்தபோது தரை தெரிந்தது, கட்டில் கால் தெரிந்தது. நல்ல விளக்கு. முன்பு இப்படி ஒன்று இருந்திருந்தால், என்று தொடங்கிய நினைப்பு முடியாமலே எங்கோ போய்விட்டது.

இரண்டாவது தடுப்பைத் தாண்டியதும் தெரிந்தது. தாழ்ந்த கூரையில், புகையின் ஊடே, ஊசியின் வட்டம். ஊசி மல்லாந்து கிடப்பதால் வெளிச்சம் தூணாக எழுந்து கூரையைத் தொட்டது. மெல்ல முன்னே நகர்ந்தது, மெல்லப் பின்னே வந்தது.

“ஊசி எப்படி இருக்கான்?” வாக்கி டாக்கி கரகரத்தது. “கூப்பிட்டேன், பதில் இல்ல.”

“வெளையாடுவான் சார். வட்டம் தெரியுது. மூச்சு நல்லா இருக்கு.”

“அப்ப அவசரப்படாத. வெளிச்சத்த எல்லா மூலையிலயும் பாத்துட்டு வா.”

சரி என்றான். கவிழ்ந்த அலமாரியின் அடியில் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தான். கட்டிலுக்கடியில் பார்த்தான். பிறகு, எதற்கென்று தெரியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மாமா போனபின் வாய்த்த முதல் அமைதி அது என்று தோன்றியது. கூரையில் ஒரு வட்டம், போகிறது, வருகிறது, அணையாமல். அக்காவிடம் சொல்லலாம். அணையாதுக்கா. அவனுடைய மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. டிக். சீறல். டிக். சீறல்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. வெளிச்சத்தில் இல்லை. சத்தத்தில்.

டிக். சீறல்.

மூச்சை அடக்கினான்.

அறை முழுக்க எந்தச் சத்தமும் இல்லை. அவனுடைய வட்டம் எதிர்ச்சுவரில் அசையாமல் நின்றது. கூரையில் ஊசியின் வட்டம் முன்னே நகர்ந்தது. பின்னே வந்தது. ஆனால் அங்கே எந்த வால்வும் திறக்கவில்லை. எதுவும் சீறவில்லை.

ஊசி அப்படி மூச்சு விடுகிறவனும் இல்லை. ஊசியின் மூச்சு குட்டி குட்டியாக, குருவி தண்ணீர் குடிப்பதுபோல இருக்கும். அதைச் சொல்லி எல்லோரும் கேலி செய்வார்கள். இது நிதானமானது. கனமானது. பாதிவரை போய்—

நின்றது.

ஒரு கணம்.

மீதியும் நகர்ந்தது.

எழுந்தான். கால் மரத்திருந்தது. மண்டியிட்டே போனான். சுவரிலிருந்து கையை எடுத்தது தெரியவில்லை. புகைக்குள் வழி தவறாமலிருக்க, எடுக்கவே கூடாத கை. வெளிச்சத் தூணை நோக்கிப் போனான். தூணின் அடியில் ஊசி மல்லாந்து கிடந்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில், விரல் விரிந்து, சும்மா கிடப்பதுபோல.

“டேய்.”

தோளை உலுக்கினான். முகமூடிக் கண்ணாடியில் வெளிச்சத்தை விட்டான். உள்ளே மூச்சின் ஆவி படிந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மார்பில் உள்ளங்கையை வைத்தான். பட்டை. துணி. அதன்கீழே பலகைபோல ஒரு மார்பு.

அசையவில்லை.

அதன்மேல் மாட்டியிருந்த விளக்கும் அசையவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தான். இறுகப் பொருந்தி, கல்போல இருந்தது. அண்ணாந்து பார்த்தான். கூரையில் வட்டம் நகர்ந்தது. இடறியது. நகர்ந்தது.

“சார்.” வாக்கி டாக்கியை அழுத்திப் பிடித்தான். “சார், கதவத் திறங்க.”

“என்னாச்சு? நல்லா இருக்கான்னியே?”

ஊசியின் முகமூடியைப் பிய்த்தான். உதட்டில் காதை வைத்தான். மார்பை அழுத்தினான், அழுத்தினான், கற்ற வேலையைக் கை தானாகச் செய்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மார்பும் விளக்கும் சேர்ந்து அமுங்கின. கூரையில் வட்டம் அதற்கு ஆடவில்லை. அது தன்பாட்டுக்கு மூச்சு விட்டது. கதவுப்பக்கம் தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம். சிக்கிக்கொண்டது போலிருந்தது. மறுபடி இழுத்தார்கள்.

கை ஓய்ந்தது.

கூரையில் அந்த வட்டத்தைப் பார்க்க முடியவில்லை. ஊசியின் விளக்கு விசையை அழுத்தினான். எளிதாக அகப்பட்டது. தூண் போயிற்று. தன்னுடையதையும் அணைத்தான்.

இருட்டு.

டிக். சீறல். அவனுடையது மட்டும்.

தலையை உயர்த்தினான்.

கூரையில் வட்டம் இருந்தது. கீழிருந்து எந்தத் தூணும் இல்லாமல், தனியாக, நகர்ந்து, இடறி, நகர்ந்தது.

அதன் பக்கத்தில், முதலில் ஒரு புள்ளியாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, இன்னொரு வட்டம் வந்தது. அது குட்டி குட்டியாக, வேகமாக, குருவி தண்ணீர் குடிப்பதுபோல ஆடத் தொடங்கியது.