டெப்பும் டேப்பும் அம்மன் கிரீடமும்

"சாயங்காலத்துக்குள்ள கிரீடம் கிடைக்கலன்னா போலீசுக்குப் போவாங்களாம் அக்கா. ரிப்போர்ட்ல என் பேரு வந்தா பள்ளிக்கூட வேலை போயிடும்," என்றாள் வாசுகி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மலேசியாவின் பாடாங் செராயில், தன் வீட்டில் அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்த பிரேமாவதி ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். யார் அழுதாலும் அவசரப்பட மாட்டார். அவசரப்படுவதற்கென்றே சசிதரன் இருந்தான். லோரி ஓட்டுபவன், துப்பறிவதில் பைத்தியம், போதாக்குறைக்கு வாசுகியின் ஆங்கில வகுப்பு மாணவன்.

கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கோயில் மண்டபத்தில்தான் அந்த வகுப்பு. முந்தின நாள் மாலை பாடம் முடிந்ததும் வாசுகி மண்டபத்தைப் பூட்டினாள். காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. மறுநாள் தீமிதிக்காக மெருகேற்றி அங்கே வைத்திருந்த அம்மன் கிரீடத்தை மட்டும் காணவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: வாசுகி, கோயில் தலைவர் தர்மலிங்கம், அங்கே மைக் செட்டு வைத்திருந்த பீடோங் கடைக்காரர் சிவநேசன். தோட்டத்துக்காரர்கள் வாசுகியைத்தான் சந்தேகித்தார்கள். வெளியூர்க்காரிமேல் பழி போடுவது சுலபம்.

மூவரும் மண்டபத்துக்குப் போனார்கள். வெள்ளைப் பலகையில் பாடம் அழியாமல் இருந்தது. 'டெப்' (tap) என்ற ஆங்கிலச் சொல்லின் கீழ் குழாய், தட்டுவது, ஒட்டுக்கேட்பது. 'டேப்' (tape) என்பதன் கீழ் ஒட்டும் நாடா, அளப்பது, குரலைப் பதிவது.

"அக்கா, போர்டுலதான் விஷயம் இருக்குலா. யாரோ ஒட்டுக்கேட்டு, பதிவு பண்ணி..." சசிதரனுக்கு மூச்சு வாங்கியது.

"கிளாஸ் முடிஞ்சப்ப போர்டைப் படம் எடுத்தியாப்பா?"

எடுத்திருந்தான். படத்தில் டெப்புக்கு மூன்று பொருள், பலகையில் நான்கு. கடைசியில் கோணல் எழுத்தில், 'பால்மரம் வெட்டுவது'.

"நான் எழுதலக்கா. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறதுக்கும் டெப்னுதான் சொல்லுவாங்க. டவுன்ல வளந்தவ நான், அது ஞாபகத்துக்கே வரல," என்றாள் வாசுகி.

"பூட்டினதுக்கு அப்புறம் ஒருத்தர் உள்ள வந்திருக்காரு. இது அவ்வளவுதான் சொல்லுது. யாருன்னு சொல்லல," என்றார் பிரேமாவதி.

சிவநேசன், கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்ததாகப் போனில் சொன்னார். தர்மலிங்கம், தோட்டத்து ஆட்களை மேய்த்த பழைய மண்டோர், மரியாதையாக உபசரித்தார். தேத்தண்ணியை நீட்டியபோது மணிக்கட்டில் தீமிதிக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு தெரிந்தது.

"நேத்து நான் இங்க இல்லம்மா. மத்தியானமே சுங்கை பட்டாணிக்குப் போயிட்டேன். மக வீட்டுல தங்கிட்டு விடிஞ்சுதான் வந்தேன்," என்றார்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. சிவநேசனும் வந்திருந்தார். போலீசுக்குப் போக கோயில் கமிட்டியின் வேன் வாசலில் தயாராக நின்றது. வாசுகி ஒரு மூலையில் தனியாக நின்றாள். பிரேமாவதி பூசாரியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"தலைவரே, எங்கிட்ட சொன்னதைப் பூசாரி ஐயா முன்னால ஒரு தடவை சொல்லிடுங்க. நேத்து ராத்திரி எங்க தங்கினீங்க?"

தர்மலிங்கம் வாயைத் திறந்தார். பூசாரியைப் பார்த்தார். காப்புக் கயிற்றை மறு கையால் மூடிக்கொண்டார். சசிதரன் ஏதோ சொல்லப் போக, பிரேமாவதி பார்வையாலேயே அவனை அடக்கினார்.

"காப்புக் கட்டினவங்க ராத்திரி ஊர் எல்லைக்கு வெளிய தங்க மாட்டாங்க. மக வீட்டுல தங்கினது நிஜம்னா இப்பவே காப்பை அவுத்துடணும், நாளைக்கு நெருப்புல இறங்கக் கூடாது. நிஜமில்லன்னா எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

அம்மன் கிரீடத்தையே ஒளித்துவைக்கத் துணிந்த மனிதருக்கு, பூசாரி முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்லத் துணிவில்லை.

"எல்லையைத் தாண்டல," என்றார் மெதுவாக. "கிரீடம் வீட்டுல அரிசி டிரம்முல இருக்கு."

"நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டாள் வாசுகி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "என் மருமக இங்கிலீஷ் படிச்சிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போறேங்கிறா. உம்மேல பழி வந்தா கிளாஸ் நின்னுடும்னு நெனச்சேன். போர்டைப் பாத்தா நாங்க காலமெல்லாம் செஞ்ச பால்மர வேலை மட்டும் அதுல இல்ல. ஆத்திரத்துல எழுதிட்டேன்."

பெண்கள் நடுவிலிருந்து அவருடைய மருமகள் மோகனா எழுந்தாள். அவமானத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. நேராகப் போய் வாசுகியின் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, வேலைக்குப் போகாதம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டுலயே இருந்திருப்பேன். இனிமே இருக்க மாட்டேன்."